பி.எட். படிப்பில் அந்த 16 வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பி.எட். சேர்க்கை விளம்பரங்கள் உங்கள் பக்கங்களில் வரத் தொடங்கிவிட்டன. கட்டடம், கல்லூரிப் பேருந்து, பல்கலைக்கழக இணைப்பு எல்லாம் அவற்றில் இருக்கும். “பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள், அங்கே வந்து யார் வகுப்பைப் பார்ப்பார்கள்?” என்பதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. விளம்பரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் பாளையங்கோட்டையை ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே பூரிக்கிற ஊரில் பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்பு முதல் எல்லா வகுப்புக்கும் போகலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அதற்கு வழி, பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் ஈராண்டு தொடக்கக் கல்விப் பட்டயம்தான். ஆசிரியர் தகுதித் தேர்விலும் பட்டயம் படித்தவர்களுக்கு முதல் தாள், 6 முதல் 8 வகுப்புகளுக்குப் போகிறவர்களுக்கு இரண்டாம் தாள். கட்டணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இனி விஷயத்துக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளால் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. அதில் முதலாண்டு 4 வாரமும் இரண்டாமாண்டு 16 வாரமும் பள்ளிக்கு. மற்ற வகுப்புகளுக்கு 80 விழுக்காடு வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். 16 வாரம் என்றால் 80 வேலை நாள். அதில் எடுக்கக்கூடிய விடுப்பு 8 நாள்தான். விதி கறாராகத்தான் இருக்கிறது. ஓட்டை வேறு இடத்தில்.

பயிற்சி மாணவர்களைக் கல்லூரிக்குப் பக்கத்துப் பள்ளிகளிலேயே குவிக்கிறார்கள். நகரப் பள்ளி ஒன்றில் நான்கைந்து கல்லூரிகளின் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நிற்பார்கள். ராதாபுரம், மானூர் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் ஒருவரும் இருக்க மாட்டார். இத்தனைக்கும் அந்தப் பயிற்சி மாணவர்களில் பலருக்குச் சொந்த ஊரே வள்ளியூரோ களக்காடோதான். வீட்டுக்குப் பக்கத்தில் போட்டால் அவர்களுக்குப் பேருந்துச் செலவு மிச்சம். போடாததற்குக் காரணம், பார்வையிடப் போகும் கல்லூரிப் பேராசிரியருக்குப் பயணப்படி கொடுக்க வேண்டிவரும் என்பதுதான்.

ஒரு பள்ளியில் இருபது பேர் நின்றால் ஆளுக்கு எத்தனை பீரியட் கிடைக்கும்? மீதி நேரத்தில் எமிஸ் என்னும் பள்ளி விவர இணையதளத்தில் பதிவு, விடைத்தாள் கட்டுவது, ஆசிரியர் விடுப்பெடுத்த வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது. இது போக காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் நடுவில் வந்து இரண்டு மூன்று வாரத்தைத் தின்றுவிடும். கடைசி நாளில் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிவைத்து, வழிகாட்டி ஆசிரியர் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவார். குறிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: “நன்று. குரலை இன்னும் உயர்த்தலாம்.”

பார்வையிட ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. 100 பேர் சேர்க்கை உள்ள கல்லூரிக்கு 16 ஆசிரியர்கள் என்பது குழும விதி. முதல்வர், உடற்கல்வி, கலை ஆசிரியர்களைக் கழித்தால் பாடம் சொல்பவர்கள் 12 பேர். தலைக்கு எட்டு அல்லது ஒன்பது பயிற்சி மாணவர்கள். ஒவ்வொருவரையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு முழுப் பாடவேளை பார்த்தால் 16 வாரத்தில் எழுபது பார்வை அளவில்தான் வரும். எட்டுப் பேரையும் ஒரே பேருந்துத் தடத்தில் இரண்டு மூன்று பள்ளிகளில் போட்டால் வாரத்தில் இரண்டு நாளில் முடிகிற வேலை. இந்த 12 பேரும் காகிதத்தில் மட்டும் இருந்தால் கணக்கு உதைக்கும். அதையும் பெற்றோர் நேரில் போய்ப் பார்க்கலாம்.

பார்ப்பவர் என்ன பார்க்க வேண்டும்? ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். 1/2 + 1/3 எவ்வளவு என்றால் ஒரு பிள்ளை 2/5 என்று எழுதுகிறது. மேலே மேலோடும் கீழே கீழோடும் கூட்டிவிட்டது. பயிற்சி ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து, “மீ.சி.ம. எடு” என்கிறார். பிள்ளை எடுக்கும், விடையும் வரும், அடுத்த வாரம் மறுபடி 2/5 வரும். “அரை முழம் பூவோடு இன்னும் கொஞ்சம் பூ சேர்த்தால் அரை முழத்தைவிடக் குறையுமா?” என்று கேட்டிருந்தால், 2/5 அரையைவிடச் சின்னது என்பது பிள்ளைக்கே உறைத்திருக்கும். லெசன் பிளான் நோட்டில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, “பிள்ளைகள் இதில் எங்கே தவறுவார்கள்?” என்பதற்குக் கட்டம் இல்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்த்தால், கடையில் வாங்கிய சார்ட்டும் சீனியரிடம் வாங்கிய நோட்டும் உதவாமல் போகும். அதனால்தான் அதைச் சேர்க்க வேண்டும்.

சின்னப் பாடமாக நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலும் அப்படியே. ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, பன்னிரண்டு நிமிடம் திருத்தித் திட்டமிடல், மீண்டும் ஆறு, மீண்டும் ஆறு என ஒரு சுற்றுக்கு 36 நிமிடம். பெரும்பாலும் முதல் ஆறோடு முடிந்துவிடுகிறது. திருத்திச் செய்யும் பாதி இல்லையென்றால் அது மேடைப்பேச்சுதான்.

இந்தத் திருநெல்வேலி மாவட்டத்துக்கென்றே ஒன்று இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்பவை அதில் உண்டு. இருபத்திரண்டு வயதில் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைகிறவருக்கு, பெஞ்சுகள் தெருவாரியாகப் பிரிந்திருப்பதைக் கண்டுகொள்ளவாவது பழக்க வேண்டாமா? ஒரு தாளில் இருக்கை வரைபடம் போட்டு, யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சக பயிற்சி மாணவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஒரு பாடவேளை இதைச் செய்தால் போதும். எந்த மூலைக்குக் கோடே விழவில்லை என்பது மணியடிக்கும்போது கண்ணில் தெரியும்.

இது நடப்பதும் நடக்காததும் தலைமையாசிரியர் கையில். அவரோ பணிமூப்பில் வருகிறார். துறைத் தேர்வுகள் விதியும் கணக்கும் தெரியுமா என்று மட்டுமே பார்க்கின்றன. பதவியேற்ற அன்று சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, எமிஸ் கடவுச்சொல் எல்லாம் கைக்கு வரும். சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து அவர் முகம் வாடாமல் பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எம்.எட்.டில் கல்வி நிர்வாகம் ஒரு தாளாக இருக்கிறது, எழுதித் தேறலாம்.

அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் முனைஞ்சிப்பட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து, பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் மூத்த ஆசிரியர்களுக்குப் பத்துச் சனிக்கிழமை வகுப்பு நடத்தலாம். பாடப்புத்தகம் வேண்டாம். அவரவர் பள்ளியின் கால அட்டவணை, ஒரு மாத வருகைப் பதிவு, கடைசி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மான நோட்டு, இவற்றைக் கொண்டுவந்தால் போதும். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்தில் அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்பதிலிருந்தே முதல் சனிக்கிழமையைத் தொடங்கலாம்.

கல்லூரிகள் பயிற்சி ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். எந்தப் பள்ளிக்கும் ஒரு பாடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று அங்கேயே வெட்டினால், மூன்றாவது ஆள் தானாகவே ராதாபுரம் பேருந்தில் ஏறுவார்.

இப்படிக்கு,
ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
பாளையங்கோட்டை