பின்பக்க ஆன்டி-ரோல் பார்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள், இனி உன் காரை அவளும் எடுப்பாள் என்று படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. நாம் தோளில் தூக்கித் திரிந்த குழந்தை! முழங்கால் வலி தணிந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியிருப்பதும் நிம்மதி தருகிறது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவன் வேலை மாறியிருக்கிறான். புதிய இடம் பிடித்திருக்கிறது என்கிறான். மற்ற குடும்பக் கதைகளை நேரில் பேசிக்கொள்வோம். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் நீ கேட்டிருப்பதற்கே இந்தக் காகிதம் முழுவதும் வேண்டியிருக்கும்.

பின்பக்க ஆன்டி-ரோல் பாரை, அதாவது வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் எஃகுக் கம்பியை, மாற்றலாமா, மாற்றுவதென்றால் கிடைப்பதிலேயே தடித்ததை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாற்று. ஆனால் தடித்தது வேண்டாம். காரணம் தெரியாமல் எதையும் ஏற்றுக்கொள்பவன் நீ அல்லவே, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீ சொல்லும் குறை, முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் பெரும்பாலானவற்றுக்கும் உண்டு. வளைவில் சற்று வேகமாக நுழைந்துவிட்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்பக்கம் வெளியே வெளியே என்று தள்ளிக்கொண்டு போகிறது. இந்த அண்டர்ஸ்டியரைத் தயாரிப்பாளர்கள் தெரிந்தேதான் வைக்கிறார்கள். முன்பக்கம் வழுக்கினால் எவரும் இயல்பாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். வேகம் குறையும், முன்டயர்களுக்குப் பிடிப்பு திரும்பும், கார் வழிக்கு வரும். பின்பக்கம் வழுக்கினால் அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். நீ பின்பக்கக் கம்பியைத் தடிமனாக்கும்போது, அவர்கள் விட்டுவைத்த அந்தப் பாதுகாப்பு இடைவெளியில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறாய். கொஞ்சம் செலவழிப்பதில் தவறே இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கம்பி செய்யும் வேலை எளிதானது. 'ப' வடிவத்தில் வளைத்த ஸ்பிரிங் எஃகு அது. நடுப்பகுதி இரண்டு புஷ்களுக்குள் (ரப்பர் போன்ற மென்மையான வளையங்கள்) அடிச்சட்டத்தோடு பிணைந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் எனப்படும் சிறிய இணைப்புத் தண்டுகள் வழியாக இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கப்படும். அந்த முறுக்கை அது எதிர்ப்பதால்தான் காரின் சாய்வு குறைகிறது. கனடாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் 1919-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நூறாண்டு தாண்டியும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

இப்போது தடிமனுக்கு வருகிறேன். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. அதே வடிவம், அதே நீளம், உன் காரில் இப்போது இருப்பது 19 மில்லிமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பதில் 22 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 80 சதவீதம் கூடிவிடும். வெறும் மூன்று மில்லிமீட்டர்! நீ கண் வைத்திருக்கும் 25 மில்லிமீட்டர் கம்பியோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பின்பக்கச் சாய்வைத் தடுப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு இருப்பதால் மொத்தத்தில் அது மூன்று மடங்காகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனாலும் கார் முற்றிலும் வேறொரு காராக நடந்துகொள்ளும் அளவுக்கு அது பெரிய மாற்றம். விற்பவர்கள் விட்டத்தை மட்டும் சொன்னால் உள்ளே கூடா, திண்மமா என்றும் கேள். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 17 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட குழாயில் எடை ஏறத்தாழ பாதியாகிவிடும். விறைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். முறுக்கைத் தாங்குவதில் வெளிப்பகுதிக்கே பெரும்பங்கு என்பதால் இப்படி.

அடுத்துச் சொல்லப்போவதைக் கவனமாகப் படி, தீர்மானமே இதில்தான் இருக்கிறது. கார் சாய்வதால்தான் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது, சாய்வைக் குறைத்தால் அதுவும் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வளைவில் எவ்வளவு எடை இடம் மாறும் என்பதைக் காரின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், வளைவில் போகும் வேகம் ஆகியவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. கம்பியால் அந்த மொத்தத்தைக் குறைக்க முடியாது. அதில் முன் அச்சு எவ்வளவு சுமக்கும், பின் அச்சு எவ்வளவு சுமக்கும் என்ற பங்கீட்டைத்தான் அதனால் மாற்ற முடியும். எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு அதிகப் பங்கு வந்து சேரும்.

டயரின் குணம் ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டயரின் மீது சுமையை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகையால் ஓர் அச்சின் இரு டயர்களும் ஏறக்குறைய சமமாகச் சுமக்கும்போது கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்று நசுங்கி மற்றது மிதக்கும்போது கிடைக்காது. பின்பக்கக் கம்பியைத் தடிமனாக்கினால் இந்த ஏற்றத்தாழ்வில் அதிகப் பங்கைப் பின்டயர்கள் சுமக்கின்றன. முன்டயர்கள் இரண்டுக்கும் இடையே சுமை வேறுபாடு குறைந்து, அவற்றின் மொத்தப் பிடிப்பு கூடுகிறது. முன்பக்கம் சொன்னபடி திரும்பத் தொடங்குவது இதனால்தான். ஆனால் முன்னால் கிடைத்தது பின்னாலிருந்து எடுத்தது என்பதை மறந்துவிடாதே.

இதற்கு மேலும் இரண்டு ஆதாயங்கள் உண்டு. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த சஸ்பென்ஷன்) உள்ள கார்களில், கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் சாய்ந்து டயரின் ஓரத்தில் ஊன்றுகிறது. பின்கம்பி மொத்தச் சாய்வைக் குறைப்பதால் டயர் தரையில் இன்னும் தட்டையாகப் பதிகிறது. வளைவின் உட்பக்க முன்சக்கரத்திலும் சற்று அதிகச் சுமை தங்குவதால், வளைவிலிருந்து வெளியேறி வேகம் எடுக்கும்போது அந்தச் சக்கரம் வீணாகச் சுழல்வது குறைகிறது. முன்சக்கர இயக்கக் காரில் அண்டர்ஸ்டியரைக் குறைக்க வேண்டுமென்றால், நல்ல டயருக்கு அடுத்தபடியாக நான் சொல்வது இதைத்தான்.

போன மாதம் என் காரில் இதை மாற்றினேன். ரவுண்டானாவில் நுழையும்போது முன்பெல்லாம் ஒரு முறை ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு, பாதியில் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கும். இப்போது முதலில் திருப்பிய அளவே போதுகிறது. நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது உடம்பு பக்கவாட்டில் ஆடி நிற்பதும் குறைந்திருக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலோ, வேகத்தடையைக் குறுக்காக ஏறினாலோ கார் முன்பைவிடச் சற்று அதிகமாகத் தலையாட்டுகிறது. ஒரு பக்கச் சக்கரத்தின் அசைவைக் கம்பி மறுபக்கத்துக்கும் கொண்டுபோகிறது அல்லவா? தடித்த கம்பி என்றால் இது இன்னும் கூடும். குண்டும் குழியுமான சாலையில் அன்றாடம் ஓட்டுபவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

முன்பின் சமநிலை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த செவ்ரொலே கோர்வேருக்கு எஞ்சின் பின்னால் இருந்தது. முன்னால் ஆன்டி-ரோல் பார் கொடுக்கப்படவில்லை. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அதன் சாய்வும் வெகுவாக மாறிவிடும் ஸ்விங் ஆக்சில் அமைப்பும் பின்னால் சேர்ந்துகொள்ள, வளைவில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகிறது என்று பெரும் சர்ச்சை எழுந்தது. 1964 மாடலில் முன்பக்கக் கம்பியை எல்லாக் கார்களிலும் வைத்து, பின்னால் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் சேர்த்தார்கள். முன்னால் கம்பி இல்லாமல் விடுவதும் பின்னால் கம்பியை மிகத் தடிமனாக்குவதும் சமநிலையை ஒரே திசையில்தான் தள்ளுகின்றன. உன் கார் கோர்வேர் ஆகிவிடாது, எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஆனால் திசை அதுதான்.

உன் மகளை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மழையில் ஒரு வளைவு, எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர் பதறிச் சட்டென்று காலை எடுப்பார். எடை முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும். இப்போது இருக்கும் கம்பியோடு கார் மூக்கைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டு அமைதியாக வந்துவிடும். மூன்று மடங்கு விறைப்பான கம்பியோடு பின்பக்கமே சுற்றிக்கொண்டு வரக்கூடும். கார் வழுக்கினால் தானே பிரேக் பிடித்து வழிக்குக் கொண்டுவரும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்பாய். அது கைகொடுக்கும், ஆனால் தொழிற்சாலையில் பொருத்திய கம்பியை வைத்து அளவிடப்பட்டது அது. அதை நம்பி எல்லைக்குப் போவது சரியல்ல. நீயும் நானும் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கள்; பின்பக்கம் நகர்வதை இடுப்பே உணர்ந்துவிடும். அவளுக்கு அந்த உணர்வு வர இன்னும் காலம் ஆகும்.

அதனால் 21 அல்லது 22 மில்லிமீட்டருக்குள், முனையில் இரண்டு துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்கு. நுனித் துளையில் லிங்க்கைப் பூட்டினால் நெம்புகோலின் நீளம் கூடும், விறைப்பு குறையும். உள்துளையில் பூட்டினால் விறைப்பு கூடும். நுனித் துளையில் தொடங்கு. ஒரு மழைக்காலம் முழுவதும் இருவரும் ஓட்டிப் பார்த்த பிறகு உள்துளையைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதற்கு முன் டயர்களையும் காற்றழுத்தத்தையும் பார்த்துவிடு. பின்டயர்கள் தேய்ந்திருந்தால் இந்த வேலையைத் தொடவே தொடாதே. பழைய லிங்க்குகளும் புஷ்களும் தளர்ந்திருந்தாலும் கார் ஆடும், 'டக் டக்' என்று ஓசை வரும். அவற்றை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடலாம்.

பொருத்தும் வேலையை நீயே செய்வாய் என்று தெரியும். காரின் பின்பக்கத்தை இருபுறமும் சமமாகத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்து. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். லிங்க் கழலாது, கழன்றாலும் துள்ளும். லிங்க்கின் நட்டைத் திருகும்போது உள்ளே இருக்கும் பந்து மூட்டின் தண்டும் கூடவே சுழலும். தண்டின் நுனியில் அறுகோணக் குழி இருக்கும். அதில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, ஆலன் சாவியை அடிவரை செருகிப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டைத் திருப்பு. மண்ணோடு செருகினால் குழி வழுக்கிவிடும், பிறகு நட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துரு நீக்கும் எண்ணெயை முந்தைய இரவே தெளித்துவை. புதிய கம்பிக்குப் புதிய அளவு புஷ் தேவை. அது பாலியூரித்தேன் என்றால் சிலிக்கோன் கிரீஸ் பூசு, இல்லாவிட்டால் கிறீச்சிடும். ரப்பர் என்றால் சாதாரண கிரீஸ் கூடாது, ரப்பர் ஊதிவிடும். நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது, சக்கரங்களின் மீது காரின் எடை இறங்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால், கையேட்டில் சொன்ன அளவுக்கு. சக்கரங்கள் தொங்கும்போதும் கம்பி சைலன்சர் குழாயிலோ பிரேக் ஹோஸிலோ உரசவில்லை என்று கையை விட்டுப் பார். கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடி எல்லா நட்டையும் ஒருமுறை சோதி. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடு.

ஒரே ஒரு விவரம் எனக்குத் தேவை. உன் காரின் பின்னால் இருப்பது தனித்தனி சஸ்பென்ஷனா, இரு சக்கரங்களையும் இணைக்கும் ட்விஸ்ட் பீமா? ட்விஸ்ட் பீம் என்றால் அந்தக் குறுக்குச்சட்டமே முறுக்கப்பட்டுக் கம்பியின் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதற்கென்று வரும் கம்பியை, சக்கரங்களைத் தாங்கும் பீமின் இரு பக்கக் கைகளுக்கும் நடுவே போல்ட் போட்டுப் பூட்டுவார்கள். மேலே எழுதிய லிங்க், புஷ் வேலை எதுவும் இருக்காது, கணக்கும் மாறிவிடும். பகல் வெளிச்சத்தில் காரின் அடியில் படம் எடுத்து அனுப்பு. கம்பி தனியாக இருந்தால் வெர்னியர் காலிப்பரால் அதன் விட்டத்தையும் அளந்து எழுது. நீ பணம் கட்டுவதற்கு முன் அளவைச் சரிபார்த்துச் சொல்கிறேன்.

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்