வடசேரி அண்ணாச்சிக்கு நன்றி

எங்க ஸ்டுடியோவில் பதிவு செஞ்ச கோயில் கொடை வில்லுப்பாட்டெல்லாம் டிடிஎஸ்-4 டேப்பில்தான் (கம்ப்யூட்டர் தகவல் சேமிக்கிற சின்ன காந்த நாடா கேசட்) இருந்தது. கம்ப்யூட்டர்ல லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்கிரேடு பண்ணினதும் டேப் டிரைவ் தெரியுது, டேப் மட்டும் படிக்கல. மெமரி ஒதுக்க முடியலன்னு பிழை. டிரைவ் போச்சுன்னே பலரும் சொன்னாங்க.

நாகர்கோவில் வடசேரியில் பழைய கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர் அதை ஒத்துக்கவே இல்லை. டிரைவை கம்ப்யூட்டரோட இணைக்கிற ஸ்கஸி கேபிள், அதோட முனையில போடுற டெர்மினேட்டர் எல்லாம் பார்த்துட்டு, "ரேம் மெமரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மக்கா. டேப்பில எழுதின பிளாக் பெருசு, டார் கேக்குறது வெறும் 10 கேபி" என்றார். பிளாக்னா டேப்பில் ஒரே தடவையில் எழுதுற தகவல் துண்டு, டார்னா டேப்பைப் படிக்கிற புரோகிராம். முன்னே இருந்த செட்டிங் அப்கிரேடில் போயிருக்கு. டிரைவை இயக்குற எம்டி கட்டளையில் பிளாக் அளவை 0 ஆக்கி (எந்த அளவு பிளாக்கும் வரலாம்னு அர்த்தம்), டாருக்கு அரை கேபி கணக்கில் 128 கொடுத்தார், அதாவது 64 கேபி. டேப் ஓடிச்சு.

பாடினவங்களில் சிலர் இன்னைக்கு இல்லை. அவங்க குரல் முழுசா கிடைச்சிருக்கு. காசு வாங்கல, பேரும் போட வேண்டாம்னுட்டார். ரொம்ப நன்றி அண்ணாச்சி.