பொருள் வலிமையியல் தேர்வில் படத்துக்கும் மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுமையேறும்போது பொருள்கள் எவ்வளவு தாங்கும், எவ்வளவு வளையும் என்று ஆராயும் பொருள் வலிமையியலைப் பொறியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், அப்பாடத்தின் தேர்வுமுறை பற்றிச் சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெரும்பாலான வினாக்களில் உத்திரமும் தாங்கிகளும் சுமைகளும் ஏற்கெனவே படமாக வரைந்து தரப்பட்டிருக்கும். உரிய சூத்திரத்தை நினைவுகூர்ந்து, எண்களை இட்டு, விடையை எழுதுவது மட்டுமே மாணவரின் வேலை. ஒரு பொருளைச் சூழ்ந்துள்ளவற்றிலிருந்து மனத்தால் வெட்டியெடுத்து, வெட்டிய இடங்களில் செயல்படும் விசைகளை எல்லாம் குறித்துக் காட்டும் ஃப்ரீ பாடி டயகிராமை அவர் தாமாக வரைய வேண்டிய தேவையே எழுவதில்லை. இப்பாடத்தின் உயிர் அந்த வெட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கலிலியோவே அங்குதான் சறுக்கினார். ஒரு முனை சுவரில் பதிந்த உத்திரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று 1638இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தபோது, உத்திரம் கீழ்விளிம்பை அச்சாகக் கொண்டு முறிவதாகவும், குறுக்குவெட்டு முழுவதிலும் இழுவிசை ஒரே சீராகப் பரவியிருப்பதாகவும் அவர் கொண்டார். உத்திரத்தின் வலிமை அதன் அகலத்துக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் அமையும் என்று அவர் கண்டது சரியே. ஆனால் அந்தப் பெருக்கற்பலனை 6ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் அவருடைய கணக்கு 2ஆல் வகுத்தது, அதாவது மீட்சி நிலையில் (சுமையை எடுத்தால் பழைய வடிவுக்குத் திரும்பும் நிலையில்) உள்ள உத்திரத்தின் வலிமையை மும்மடங்கு மிகையாகக் காட்டியது. அத்தனை இழுவிசையையும் சமன்செய்யும் அமுக்கவிசை வெட்டுமுகத்தில் எங்கே, எவ்வளவு பரப்பில் செயல்படுகிறது என்று கேட்டிருந்தால் பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும். பிரெஞ்சு அறிஞர்களான பாரன்ட் 1713இலும் கூலோம் 1773இலும் அதைக் கேட்டுத் திருத்தினார்கள். மேதைக்கே நேர்ந்த இந்தப் பிழையை வகுப்பில் சொன்னால், வெட்டுமுகத்தில் இழுவிசைப் பகுதியையும் அமுக்கவிசைப் பகுதியையும் பிரிக்கும் நடுநிலை அச்சு எதற்கு என்பது எந்த மாணவருக்கும் மறக்காது. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாலங்கள் இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தனர். கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி, ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரு பாலங்களையும் தாங்குவதாகத்தான் முதலில் வரையப்பட்டிருந்தது. பின்னர் அதை இரு கம்பிகளாகப் பிரித்து, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்தின் குறுக்கு உத்திரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். மேல்கம்பியின் சுமை இதனால் மாறவில்லை. மேல்பால உத்திரத்தைத் தாங்கிய நட் மட்டும் தன் பாலத்தோடு கீழ்ப்பாலத்தின் சுமையையும் ஏற்று, இருமடங்கு சுமக்க நேர்ந்தது. அந்த இணைப்பை மட்டும் தனியே வெட்டியெடுத்து நான்கு அம்புக்குறிகள் இட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடியது இது. (மாற்றத்துக்கு முந்தைய வடிவமைப்பே கட்டட விதி கோரிய தாங்குதிறனில் சுமார் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்பது வேறு.)

சூத்திரத்தை இடுகிறார்களே ஒழிய, அதைப் படிப்பதில்லை என்பது மற்றொரு குறை. அதிகமாகத் தொய்யும் எஃகு உத்திரத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், இன்னும் வலிமையான எஃகைப் பயன்படுத்தலாம் என்று நல்ல மதிப்பெண் பெறும் மாணவரே தயங்காமல் சொல்கிறார். வலிமை 250 மெகாபாஸ்கல் உள்ள எஃகானாலும் 500 மெகாபாஸ்கல் உள்ள எஃகானாலும், விறைப்பை அளக்கும் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். எனவே அதே வடிவம், அதே சுமை என்றால் தொய்வும் அதேதான். மெலிந்த நெடுந்தூண் பக்கவாட்டில் வளைந்து செயலிழக்கும் சுமைக்கான ஆய்லரின் சூத்திரத்தில் பொருளின் வலிமை என்ற உறுப்பே கிடையாது. வலிமை வேறு, விறைப்பு வேறு என்பதை அந்தச் சூத்திரங்களே சொல்லிக்கொண்டிருக்கின்றன. நாமோ உத்திரத்தை வளைக்கும் விளைவு அதன் நீளவாக்கில் எப்படி மாறுகிறது என்று காட்டும் திருப்புத்திறன் வரைபடத்தைக் கோட்டுக்கு மேலே வரைவதா, கீழே வரைவதா என்பதற்கு மதிப்பெண் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

வினாத்தாள் அமைப்போருக்கு என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு தாளிலும் ஒரு வினாவையாவது படமின்றிச் சொற்களில் மட்டும் தந்து, மாணவர் வரையும் ஃப்ரீ பாடி டயகிராமுக்குப் பாதி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். படம் சரியாக இருந்து கூட்டலில் மட்டும் தவறியவருக்கு அந்தப் பாதி குறையக் கூடாது. எண்ணே இல்லாத வினா ஒன்றும் வேண்டும். எடுத்துக்காட்டாக, இரு முனைகளிலும் தாங்கப்பட்ட உத்திரத்தின் நீளம் இருமடங்கானால் தொய்வு எத்தனை மடங்காகும் என்று கேட்கலாம். நடுவில் ஒற்றைச் சுமை என்றால் 8 மடங்கு. மீட்டருக்கு இவ்வளவு என்று சீராகப் பரவிய சுமை என்றால் 16 மடங்கு. எந்தச் சுமை என்று திருப்பிக் கேட்டு விடைத்தாளில் எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர் ஒருவர்