ஜார்ஜ் பெர்னாண்டஸ் நூலுக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சோஷலிஸ்ட் தலைவரும் தொழிற்சங்கவாதியுமான ஜார்ஜ் பெர்னாண்டஸின் பொதுவாழ்வு குறித்த என் சிறுநூல் அச்சுக்குப் போய்விட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று உதவியவர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமலே என் கடனைத் தெரிவிக்கிறேன்.

முதல் நன்றி, மும்பை மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் ஓய்வுபெற்ற பெரியவருக்கு. ஜார்ஜ் தலைமையில் 1974 மே 8 அன்று தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் இறங்கினார்கள் என்று ஒரு வரியில் கடந்துவிட இருந்தேன். அவரோ பேசாமல் எழுந்துபோய், நான்காய் மடித்து மடித்தே கிழிந்து, பின்பக்கம் ஒட்டுத்தாள் மஞ்சளித்திருந்த தம் பணிநீக்க ஆணையைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். போராட்டம் 20 நாளில் கைவிடப்பட்டது. 1977இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் மூட்டை தூக்கியிருக்கிறார். "தலைவருக்குச் சிறை, எங்களுக்குப் பட்டினி, இரண்டையும் எழுதுங்கள், தம்பி" என்றார். எழுதியிருக்கிறேன்.

பாதிரியார் பயிற்சியை உதறிவிட்டு 1949இல் பம்பாய்க்கு வந்து, சௌபாத்தி கடற்கரையில் படுத்துறங்கிய இளைஞர் ஜார்ஜின் குடும்பச் சூழலை விளக்கிய மங்களூர் நண்பருக்கும் நன்றி.

1977 தேர்தலில் ஜார்ஜ் முசாபர்பூரில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்ததாக நான் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்து, நெருக்கடிநிலையில் கைதாகி அப்போது அவர் சிறையில் அல்லவா இருந்தார், விலங்கிட்ட கையை உயர்த்திய அவருடைய படம்தானே தெருத்தெருவாகப் போனது என்று திருத்திய பீகார் ஆசிரியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்ற கதையில் இப்படியொரு பிழை நின்றிருந்தால் எனக்குத் தலைகுனிவு.

என்னோடு கடைசிவரை சண்டையிட்ட சோஷலிஸ்ட் தோழருக்கு என்ன சொல்ல? 1967இல் தென் பம்பாயில் காங்கிரஸின் பெருந்தலைவர் எஸ்.கே. பாட்டீலையே தோற்கடித்த ஜார்ஜ், 1979இல் தாம் அமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசை மக்களவையில் ஆதரித்துப் பேசிய சூட்டோடு அதிலிருந்து விலகியதையும், பிறகு பாரதிய ஜனதாவோடு கூட்டுச் சேர்ந்து பாதுகாப்பு அமைச்சரானதையும், சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் காங்கிரஸ் எதிர்ப்பின் தொடர்ச்சி என்று சொல்லி நான் பூசிமெழுகப் பார்த்தேன். தோழர் விடவில்லை. அந்த அத்தியாயத்தை மூன்று முறை எழுதினேன். இப்போதும் அவருக்கு முழு நிறைவில்லை என்பது தெரியும்.

எஞ்சியுள்ள பிழைகள் என்னுடையவை. முதல் படியை மாட்டுங்காவுக்கு நானே எடுத்து வருகிறேன், ஐயா.

நன்றியுடன்,
நூலாசிரியன்