கழுத்தடிப் பட்டன்

மார்த்தாண்டம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அம்மைக்கு முழங்கால் வலி பழையபடிதான். மற்றச் செய்திகளை அக்காள் போனில் சொல்லியிருப்பாள். நீ மேடையில் நின்று வாசிக்கும் படத்தை அவள் எனக்குக் காட்டினாள். பெங்களூரில் இத்தனை பேர் முன்னால் நம் வீட்டுப் பிள்ளை நிற்கிறான் என்று அம்மை அதை அண்டை வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள். எனக்கும் பெருமைதான். ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகு நான் கிட்டாரைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் வாரின் மேல்முனையைக் கிட்டாரின் தலையில், கம்பிகள் பதிந்து போகும் நட்டு என்ற சிறு கட்டைக்கும் முறுக்காணிகளுக்கும் நடுவே, கம்பிகளுக்கு அடியில் கயிறு கொடுத்துக் கட்டியிருக்கிறாய். கழுத்தும் உடலும் சேரும் கழுத்தடியில் வாரை மாட்டும் பட்டன் இல்லை. பழைய துளை இருந்த இடம் ஒரு கறுத்த புள்ளியாகத் தெரிகிறது.

தலையில் கட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. மரத்தில் துளை போட மனமில்லாதவர்கள் காலங்காலமாக அப்படித்தான் கட்டி வாசிக்கிறார்கள். ஆனால் உன் கிட்டாரின் தலை ஒருமுறை ஒடிந்து, நான் பசை வைத்து இறுக்கி ஒட்டியது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நீ கட்டியிருக்கும் இடத்தில் கிட்டாரின் பாரத்தில் ஒரு பங்கு அந்த ஒட்டின் மேல்தான் விழுகிறது. ஒட்டு நன்றாகவே பிடித்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் நாள்தோறும் அதை இழுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. தலையை ஒட்டிய முதல் கட்டத்தில் விரல் வைக்கும்போது வார் இடது கையில் உரசவும் செய்யும்.

ஆகவே கழுத்தடியில் பட்டன் வைத்துக்கொள். நான் போன வாரம் களியக்காவிளையில் பஸ் மாறித் திருவனந்தபுரம் தம்பானூர் வரை போய், அங்கே இசைக்கருவிக் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தேன். நீ நின்று வாசிக்கும்போது தரையைப் பார்த்திருக்கும் பக்கத்தில், கழுத்தடிக் கட்டை தடித்திருக்கும் இடத்தில் வைப்பதே நல்லது. அதே கட்டையின் பின்புறத்தில் வைத்தால் கிட்டாரின் முகம் முன்னால் கவிழும். முதலில் ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியை விட்டு, கழுத்தைப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்களா என்று பார். போல்ட் இருந்தால் அதன் வழியில் துளை போகக் கூடாது.

பழைய துளைக்குள் அப்படியே மறுபடியும் திருகாணியை ஏற்றிவிடாதே. சற்றே தளர்ந்த துளை என்றால் பல்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்தால் போதும் என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. உன்னுடையது அப்படிப்பட்டதல்ல, பிய்ந்த துளை. அதை ஒழுங்காகத் துளைத்துப் பெரிதாக்கி, கடின மரத்தில் முளை சீவிப் பசையோடு இறக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். டிரில் முனை, மரை நீங்கலாகத் திருகாணியின் நடுத்தண்டு எவ்வளவு பருமனோ அவ்வளவே இருக்கட்டும். ஆழம் தெரிய முனையில் ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள். திருகாணியில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டு ஏற்று. பித்தளைத் திருகாணி கடின மரத்துக்குள் முறிந்துவிடும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி மரை பிடித்த பிறகே பித்தளையைப் போட வேண்டும். நீளம் ஒன்றேகால் அங்குலம். மறுபடியும் சொல்கிறேன், நீளம் ஒன்றேகால் அங்குலம் இருக்க வேண்டும்.

பட்டனுக்கும் மரத்துக்கும் நடுவே ஃபெல்ட் வாஷர் ஒன்று வை. ரப்பரை அங்கே வைக்காதே. சில கிட்டார்களின் பூச்சை ரப்பர் அரித்துக் கறை ஏற்றிவிடும். ரப்பர் வளையத்தை வாரைப் பட்டனில் மாட்டிய பிறகு வெளியே போடு, வார் நழுவாது. ஹாலந்து தேசத்துக் குரோல்ஷ் பீர்க் குப்பியின் மூடியில் இருக்கும் சிவப்பு வளையத்தையே இதற்குப் பலர் கழற்றி வைத்துக்கொள்வார்களாம். வார் கழலாமல் பூட்டிக்கொள்ளும் பட்டன் வகைகளும் உண்டு. ஜெர்மனியின் பழைய ஷாலர் பூட்டில், வாரில் பிடிக்கும் நட்டு வாசிக்க வாசிக்கத் தளரும், அவ்வப்போது முடுக்க வேண்டும். டன்லப் பூட்டை நடுக் குமிழை அழுத்திக் கழற்றலாம். ஒன்றின் பட்டனில் மற்றதன் பூட்டு சேராது. உன்னுடைய கிட்டார் கனம் குறைந்தது, அதற்கு ரப்பர் வளையமே போதும் என்பது என் எண்ணம்.

அடிமுனையையும் பார்த்துக்கொள். நீ வயர் சொருகும் ஜாக்கே அங்கே பட்டனாகவும் இருக்கிறது. அது சாதாரணப் பட்டனைவிடத் தடிமன் என்பதால் வாரின் துளையைக் கத்தியால் அகலக் கிழித்துவிடுகிறார்கள். பிறகு அது தானாகவே கழன்று வரும். கிழிக்காதே. தோலைச் சற்று நனைத்து இளக்கி மாட்டு. திருகாணி ஒன்றேகால் அங்குலம்.

இதை மூன்றாம் முறையாக நான் ஏன் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியாது. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு, கேரல் முடிந்து ஆலயப் படியில் நீ நின்றபோது கிட்டார் விழுந்ததே, அந்தப் பட்டனைப் பொருத்தியவன் நான். அலமாரிக் கீலுக்குப் போட்டு மிஞ்சிய அரை அங்குலத் திருகாணியை அதற்கு எடுத்தேன். கடைசிச் சுற்றில் அது பிடிக்காமல் வெறுமனே சுழல்வது என் கைக்குத் தெரிந்தது. பலகை வேலையில் நாற்பது வருஷம் பழகிய கை அது. நீ வாசலில் காத்து நின்றாய், பாடகர் குழு புறப்பட்டுக்கொண்டிருந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்துத் துளையில் அப்பி, திருகாணியை ஏற்றி, உன் கையில் கொடுத்துவிட்டேன். கிட்டார் விழுந்ததும் போதகர் முன்னாலும் குழு முன்னாலும், சீட்டுப் பணத்தில் வாங்கிய பொருளின் அருமை தெரியாதவன் என்று உன்னைத்தான் சொன்னேன். கழன்று விழுந்த பட்டன் என் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், மரையெல்லாம் என் மரத்தூள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பட்டன் எங்கே என்று நீ அந்த இரவே என்னிடம் கேட்டாய். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். மறுநாள் நீ ஆலயத்தில் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமசுக்கும் நீ வீட்டுக்கு வரவில்லை. நான் தலையை ஒட்டினேன், இதைச் சொல்லவில்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, மக்களே.

இந்தப் பார்சலில் பட்டன் இரண்டு, ஒன்றேகால் அங்குலத் திருகாணி இரும்பில் இரண்டு, பித்தளையில் இரண்டு, நான் வெட்டிய ஃபெல்ட் வாஷர்கள், ரப்பர் வளையங்கள், தேக்கில் சீவிய முளை மூன்று ஆகியவை இருக்கின்றன. தனியே தாளில் மடித்திருப்பது அந்தப் பழைய பட்டன்.

அங்கே நல்ல வேலைக்காரர் இருந்தால் அவரிடமே கொடு. கூலியை நான் அனுப்புகிறேன். இல்லையென்றால் கிட்டாரைக் கொண்டுவா. துளைக்கு ஏற்ற டிரில் முனையை எடுத்து வைத்திருக்கிறேன். பொருத்திய பிறகு முதல் முறை மெத்தைக்கு மேலே தாழப் பிடித்து, வாரை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நில்.

அப்பா