மெட்ரிக் (12-ஆம் வகுப்பு) பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு

வணக்கம். கம்ப்யூட்டர், மின்னணுப் பொறியியல் என்று ஆசை இருந்தும் காசை நினைத்துத் தயங்குகிறீர்களா? வீட்டு வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்க அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடலாம். மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு 600,000 வரை. அரசுப் பல்கலைக்கழகம், டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரிக்கு மட்டும்தான், தனியாருக்குக் கிடையாது.

நம் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகங்களில் இடத்துக்கு சி.ஏ.ஓ.வில் (பொது விண்ணப்ப மையம்) தனியாக விண்ணப்பிக்கணும். இரண்டும் ஒன்றென்று நினைத்து என் அக்கா மகன் ஒரு வருஷத்தைக் கோட்டைவிட்டான்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது இலவசம், யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் லேப்டாப்போடு இருப்பேன். பிள்ளை, பெற்றோர் ஐடி நகல், சம்பளச் சீட்டு கொண்டுவாருங்கள். பிள்ளையின் சொந்த செல் நம்பரும் வேண்டும். மாமா நம்பரைக் கொடுத்தால் ஓடிபி மாமாவின் கடையில் போய் நிற்கும்!