டெஃபிசிட்பெஷைட் வந்திருக்கும் ஜெனிஃபாவுக்கு

அன்புள்ள ஜெனிஃபா,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அலுவலகத்திலிருந்து வந்த டெஃபிசிட்பெஷைடை, அதாவது உன் இந்திய நர்சிங் படிப்பு ஜெர்மன் படிப்புக்கு எங்கே குறைகிறது என்று சொல்லும் முடிவுக் கடிதத்தை, படித்துவிட்டு, "நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங், மூணு வருஷம் ஐ.சி.யூ., எல்லாம் வீணா அக்கா?" என்று கேட்டிருந்தாய். இந்தியாவில் படித்த நர்ஸ்களில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது இந்தக் கடிதம்தான். "நீ நல்ல நர்ஸா" என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. இரண்டு பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர்கள் மணி நேரத்திலிருந்து நம் மணி நேரத்தைக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் செவிலியர் தொழில் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நோயாளிகள், குழந்தைகள், முதியவர்கள் என்று மூன்று தனித்தனி நர்ஸ் படிப்புகள் இருந்தன. சட்டம் அவற்றை ஒன்றாக்கியது. இப்போது மூன்று வருடத்தில் வகுப்பு 2,100 மணி நேரம், நேரடிப் பயிற்சி 2,500 மணி நேரம். முதியோர் இல்லமும், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பராமரிப்பும் அந்தப் பயிற்சியில் கட்டாயம். நம் படிப்பில் அந்த இடம்தான் மெலிந்து கிடக்கிறது. மகப்பேறில் நாம் கொட்டிய மணி நேரமோ இங்கே பெரிதாக உதவாது. ஜெர்மனியில் மருத்துவச்சி வேலை தனித் தொழில், தனிப் படிப்பு.

பெஷைடை இன்னொரு முறை நிதானமாகப் படி. எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் குறை என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பார். பிறகு உன் வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்று தேடு. எடுத்தால் சில குறைகளை அனுபவமே ஈடுகட்டும் என்று சட்டம் சொல்கிறது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஸ்டாஃப் நர்ஸாக இருந்தார், நன்னடத்தை திருப்தி" என்று நம் ஊரில் தரும் இரண்டு வரி சான்றிதழை வைத்து யாராலும் எதையும் ஈடுகட்ட முடியாது. எந்த வார்டு, எந்த வகை நோயாளிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலைகள் என்று விரித்து எழுதி வாங்கு. கடைசிப் பக்கத்தில் மேல்முறையீட்டுக் குறிப்பு இருக்கும். கடிதம் கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதம்தான் கெடு. சில மாநிலங்களில் ஆட்சேபக் கடிதம் போதும், சிலவற்றில் நேரே நீதிமன்றம். வழக்கு வரை போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் புதுச் சான்றிதழ் வந்தால் கெடுவுக்குள் அனுப்பிவிடு.

உன் தோழி இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றாயே, அவளுக்கு இரண்டு விஷயம் சொல். ஒன்று பெயர். நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷனில் "எஸ். ஜெனிஃபா", பாஸ்போர்ட்டில் "ஜெனிஃபா செல்வராஜ்", கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பது நமக்குச் சாதாரணம். அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு மூன்று ஆட்கள். மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஊரிலேயே வாங்கி, மற்ற ஆவணங்களோடு மொழிபெயர்க்கக் கொடுக்கட்டும். மொழிபெயர்ப்பை ஜெர்மனியில் பதவிப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் பிறகு தகராறு வராது. இரண்டாவது, பாடவாரியாக வகுப்பு மணி நேரமும் வார்டு மணி நேரமும் தனித்தனியே போட்ட ட்ரான்ஸ்கிரிப்ட். மார்க் மட்டும் இருக்கும் தாளை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. கோப்பு அங்கேயே தூங்கும். ஒப்பீடே வேண்டாம், நேராகப் பரீட்சைக்கோ பயிற்சிக்கோ போகிறேன் என்று எழுதிக் கொடுக்க 2024 முதல் சட்டத்தில் இடமுண்டு. வேகம்தான், ஆனால் அனுபவத்துக்குக் கிடைக்கக்கூடிய சலுகையை விட்டுக்கொடுப்பதாகும்.

இனி உன் முன்னால் இரண்டு வழி. ஆன்பாசுங்ஸ்லேர்காங் என்ற இணைப்புப் பயிற்சி, குறையாக எழுதிய துறைகளில் வேலை செய்து, கடைசியில் ஒரு நேர்முக உரையாடலோடு முடியும். கெண்ட்னிஸ்ப்ரூஃபுங் என்பது பரீட்சை. உன் பட்டியலில் குறை ஓரிரு துறையில்தான் என்றால் பயிற்சி சீக்கிரம் முடியும். பக்கம் முழுக்க நிரம்பியிருந்தால் பரீட்சை மேல். ஆனால் உன் ஜெர்மன் இன்னும் பி1 என்ற இடைநிலை மொழித் தரத்தில் தட்டுத்தடுமாறினால் பரீட்சைக்குத் தேதி வாங்காதே. தோற்றவர்களில் பெரும்பாலோர் நர்சிங் தெரியாமல் தோற்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு பகுதி. வாய்மொழி 45 முதல் 60 நிமிடம். செய்முறையில் ஒன்று முதல் நான்கு நோயாளிச் சூழல்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 120 நிமிடம். தோற்ற பகுதியை ஒரே ஒரு முறை திரும்ப எழுதலாம். அதனால் நர்சிங் பள்ளிகள் நடத்தும் தயாரிப்பு வகுப்பில் சேர்.

வென்ஃப்ளான் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) போடுவதில் நீ கெட்டிக்காரி; அதை யாரும் கேட்கப்போவதில்லை. நம் ஊரில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் ஆயாம்மாவும் வீட்டாரும் பார்க்கும் வேலை. இங்கே அது நர்ஸின் அடிப்படை வேலை, அதை நீ செய்யும் விதத்தில்தான் உன்னை எடைபோடுவார்கள். பாசமாக எல்லாவற்றையும் நீயே செய்துவிட்டால் மதிப்பெண் போய்விடும். தாத்தாவால் முகம் கழுவ முடியுமென்றால் துணியை அவர் கையில் கொடுத்துக் காத்திரு. என்ன செய்யப்போகிறாய் என்று முன்கூட்டியே சொல், சம்மதம் கேள், 'ஸீ' (நீங்கள்) என்றே மரியாதையாக அழை. வாய் மூடி வேலை பார்ப்பது நமக்குப் பணிவு, தேர்வாளருக்கோ உனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். வளையல், மோதிரம், வாட்ச், நகப்பூச்சு எதுவும் கூடாது. கிருமிநாசினியை 30 விநாடி முழுதாகத் தேய்.

கட்டில் கம்பியை ஏற்றிவிடுவது நம் வார்டில் அனிச்சைச் செயல். இங்கே நோயாளியின் சம்மதமில்லாமல் அதை ஏற்றினால் சுதந்திரத்தைப் பறிப்பதாகும். சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவருக்குத் தொடர்ந்து ஏற்றி வைக்க நீதிபதியின் அனுமதி வேண்டும். வாய்மொழியில் இது விருப்பமான கேள்வி. இதய செயலிழப்பு நோயாளி என்று கொடுத்தால் உடனே மருந்துப் பெயர்களை அடுக்காதே. அது டாக்டர் பதில். தினமும் எடை, கால் வீக்கம், மூச்சு வாங்காதபடி சாய்த்து வைப்பது, படுக்கைப்புண், விழும் அபாயம், ரத்தம் உறைவதைத் தடுப்பது என்று உன் பக்கத்திலிருந்து தொடங்கு. பராமரிப்புத் தேவையைக் கண்டறிவதும் அதைத் திட்டமிட்டு நடத்துவதும் நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒதுக்கியிருக்கிறது.

ஊர்குண்டே என்ற அங்கீகாரப் பத்திரத்துக்கு பி1-க்கு அடுத்த தரமான பி2 மொழிச் சான்றிதழ் தேவை. சில மாநிலங்கள் தொழில்சார்ந்த மொழிப் பரீட்சையும் கேட்கின்றன. மருத்துவச் சான்றிதழும் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் வழக்கமாக மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, அவற்றைக் கடைசியில் வாங்கு. போலீஸ் சான்றுக்கு 13 யூரோ. அலுவலகத்துக்கு நேரே போகும் வகையைக் கேட்டு வாங்கு, உன் வீட்டுக்கு வரும் வகை செல்லாது.

விசா பக்கமும் கண் இருக்கட்டும். நீ இருக்கும் 16டி பிரிவு அனுமதி, அதாவது படிப்புக்கு அங்கீகாரம் வாங்கும்வரை தங்கும் அனுமதி, முதலில் 24 மாதம் வரை, மொத்தம் 36 மாதம் வரை நீட்டலாம். முடிவதற்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும், தேர்வுத் தேதிக் கடிதத்தையும் சேர்த்து வை. ஊர்குண்டே வந்ததும், தகுதி பெற்ற பணியாளர்களுக்கான 18ஏ பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊர்குண்டே வந்த அன்றே மருத்துவமனையின் பணியாளர் பிரிவுக்கு அதன் நகல் அனுப்பு. அதுவரை உனக்கு உதவியாளர் சம்பளம்தான். நகல் போகாவிட்டால் அதுவே தொடரும். உன் ஒப்பந்தத்தில் வேலையை விட்டால் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறதே, அதைக் கையெழுத்துப் போட்ட தாளோடு ஸ்கேன் செய்து அனுப்பு. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, மாதாமாதம் குறைகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா